ஐந்து பாதைகளும் ஓர் ஐஸ்கிரீம் வண்டிக்காரரும்

'அன்றைக்கு மட்டும் அப்படி நடந்திருந்தால்...' என்று ஆரம்பிக்கிற பேச்சு சரித்திர ஆசிரியர்களுக்குப் பிடிக்காது. வாட்டர்லூவில் நெப்போலியன் ஜெயித்திருந்தால் ஐரோப்பா என்ன ஆகியிருக்கும் என்று விடிய விடியப் பேசலாம். விடிந்த பிறகு யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. அந்தப் போரை இன்னொரு முறை நடத்திப் பார்க்க முடியாது.

இந்தச் சங்கடத்துக்கு ஒரே ஒரு மூலையில் விலக்கு உண்டு: டி.வி. பரிசுப் போட்டிகள். அங்கே விதிகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன. நடந்தது டேப்பில் இருக்கிறது. எதை மாற்றினால் எது மாறும் என்று பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுவிடலாம். நடக்காத சரித்திரத்துக்கும் விடை கிடைக்கும்.

1983 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 'பிரஸ் யுவர் லக்' என்ற போட்டியைப் பகல் நேரத்தில் ஒளிபரப்ப ஆரம்பித்தது. பகல் நேர டி.வி. அங்கே தனி உலகம். அழுகைத் தொடர்கள், சோப்பு விளம்பரங்கள், இடையிடையே சமையலறையிலிருந்து ஒரு கண்ணால் பார்க்கத் தோதான போட்டிகள். யாரும் பெரிதாகச் செலவழித்து மூளையைக் கசக்கி எடுக்கிற ரகம் அல்ல.

ஆட்டம் எளிது. மூன்று பேர். முதலில் சில கேள்விகள். பதில் சொன்னால் ஆட வாய்ப்புகள் சேரும். பிறகு பெரிய பலகை. அதன் ஓரத்தைச் சுற்றி 18 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று படங்கள் மாறி மாறி வரும்: பணம், சுற்றுலா, சில கட்டங்களில் 'வாமி' என்கிற சிவப்புக் குட்டிச்சாத்தான். வெளிச்சம் ஒன்று கட்டத்துக்குக் கட்டம் தாவிக்கொண்டே இருக்கும். ஆடுபவர் பொத்தானை அமுக்கினால் நிற்கும். நின்ற கட்டத்தில் என்ன தெரிகிறதோ அது அவருக்கு. வாமி வந்தால் அதுவரை சேர்த்த பணம் முழுக்கப் போச்சு. பரமபதத்தில் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற பாம்பு மாதிரி, அதுவும் எந்தக் கட்டத்தில் வந்து படுக்கும் என்று தெரியாத பாம்பு. மொத்தம் 54 படங்களில் ஒன்பது வாமி. அதாவது, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினால் ஆறில் ஒரு பங்கு ஆபத்து. பயமாக இருந்தால் மிச்ச வாய்ப்புகளை எதிராளியின் தலையில் கட்டிவிடலாம். வழக்கமாக ஜெயிக்கிறவர் 14,000 டாலர் அளவில் எடுத்துக்கொண்டு போவார்.

1984 மே 19 அன்று படப்பிடிப்புக்கு வந்தவர் மைக்கேல் லார்சன். ஒஹையோ மாநிலத்தின் லெபனான் ஊர்க்காரர். ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியவர், ஏ.சி. பழுது பார்த்தவர். தேர்வு செய்தவர்களில் ஒருவருக்கு இவர்மேல் சந்தேகம். தயாரிப்பாளர் பில் காருதர்ஸ்தான் சேர்த்துக்கொண்டார். ஒரு பக்கம் ஒரு பாதிரியார், இன்னொரு பக்கம் பல் மருத்துவரின் உதவியாளர், நடுவில் லார்சன். முதல் சுற்றில் முதல் அமுக்கிலேயே வாமி. சுற்று முடிகையில் கையில் 2,500 டாலர், கடைசி இடம்.

இரண்டாம் சுற்றில்தான் வேடிக்கை. ஐந்து தடவை, பத்து தடவை, இருபது தடவை. வாமியே வரவில்லை. 30,000, 50,000, 80,000. தொகுப்பாளர் பீட்டர் டோமார்கன் போதும் என்று மன்றாடாத குறை. அந்த டேப்பைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். மற்றவர்கள் பொத்தானை அமுக்கிவிட்டு, பலகையில் என்ன நின்றிருக்கிறது என்று பார்த்து, அப்புறம் குதிப்பார்கள். லார்சன் அமுக்கிய கையோடு குதிக்கிறார். பலகையைப் படித்துத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒன்றும் இல்லை. கை பொத்தானைத் தொட்டபோதே கணக்கு முடிந்துவிட்டது. இரண்டு சுற்றும் சேர்த்துத் தொடர்ந்து 45 முறை வாமியைத் தொடாமல், 110,237 டாலர் மதிப்புக்கு ரொக்கமும் பாய்மரப் படகும் இரண்டு சுற்றுலாக்களும் அள்ளினார்.

சூட்சுமம் இதுதான். வெளிச்சம் இஷ்டத்துக்குத் தாவுவதாக ஊரே நம்பியது. உண்மையில் அதற்கு ஐந்தே ஐந்து பாதைகள்தான் தெரியும். 1983-இன் கடைசி மாதங்களிலிருந்து வீட்டில் நிகழ்ச்சியை விசிஆரில் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்து, ஐந்தையும் மனப்பாடம் செய்துவிட்டார் லார்சன். கூடவே இன்னொன்றும் கண்டுபிடித்தார்: மேல் வரிசையில் நான்காம் கட்டம், வலது ஓரத்து நடுவில் இருக்கும் எட்டாம் கட்டம், இந்த இரண்டிலும் வாமியே வருவதில்லை. இரண்டாம் சுற்றில் இவை இரண்டும் பணத்தோடு இன்னொரு வாய்ப்பையும் இலவசமாகக் கொடுக்கும். செலவான வாய்ப்பு உடனே திரும்பி வருகிறது. அட்சய பாத்திரம்.

இதற்கு மின்னல் வேகக் கை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்த பிறகு அமுக்குவதானால் கண்ணிலிருந்து விரலுக்குச் செய்தி போக ஏறத்தாழ கால் விநாடி ஆகும். அதற்குள் வெளிச்சம் தாவிவிடும். ஆனால் அடுத்தது எங்கே என்று முன்பே தெரிந்தவர் பார்த்து அமுக்குவதில்லை, தாளத்துக்கு அமுக்குகிறார். மிருதங்கக்காரர் சமத்தில் வந்து விழுவதற்கு எதிர்வினை வேகமா காரணம்? வரப்போவது தெரிந்திருந்தால் நம் மூளை மிக நுணுக்கமாக நேரத்தைப் பிடிக்கும். சமவாய்ப்பு என்ற ஒன்று அந்தப் பலகையில் இருந்திருந்தால் இந்தத் திறமை முழுக்கக் குப்பை.

இருந்திருந்தால்? வெளிச்சம் நிஜமாகவே தாறுமாறாகத் தாவியிருந்தால் அன்று என்ன நடந்திருக்கும்?

ஒவ்வொரு முறையும் தப்பிக்கும் வாய்ப்பு ஆறில் ஐந்து. பத்து முறை தொடர்ந்து தப்பிக்க 16 சதவீதம். இருபது முறைக்கு 2.6 சதவீதம். நாற்பத்தைந்து முறைக்கு ஏறக்குறைய 3,700-இல் ஒன்று. சராசரி மனிதர் ஐந்து முறை தப்பி ஆறாவதில் மாட்டுவார். ஆக, அந்த இன்னொரு சரித்திரத்தில் லார்சன் சில ஆயிரங்களோடு ஒஹையோவுக்குப் பஸ் ஏறியிருப்பார், நமக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

ஆனால் இங்கே ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். 3,700-இல் ஒன்று என்பது அப்படியொன்றும் தலை சுற்றும் எண் அல்ல. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு மூன்று பேர், மூன்று வருஷம் என்று ஆடினால் இரண்டாயிரம் ஆட்டக்காரர்களுக்கு மேல் வந்துபோவார்கள். எல்லோரும் அசட்டுத் துணிச்சலோடு ஆடினால் எவருக்காவது அது வாய்க்கலாம். வாமியிடமிருந்து தப்பியதை மட்டும் வைத்து இது அதிர்ஷ்டம் அல்ல என்று சாதித்துவிட முடியாது.

மாட்டிக்கொடுத்தது அந்த இரண்டு கட்டங்கள். பதினெட்டில் இரண்டு என்றால் ஒன்பதில் ஒரு வாய்ப்பு. தற்செயலாகத் தொடர்ந்து பத்து முறை அந்த இரண்டில் ஒன்றில் நிற்க வாய்ப்பு 348 கோடியில் ஒன்று. நிகழ்ச்சி அதிகாரிகள் டேப்பைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது கண்டதும் இதைத்தான்: பணம் போவதும் வருவதுமாக இல்லை, ஒரே இரண்டு இடத்திலிருந்து கொட்டுகிறது. எவ்வளவு ஜெயித்தார் என்பதைவிட எங்கே ஜெயித்தார் என்பதுதான் சாட்சி.

நிஜமான சமவாய்ப்பு அந்தக் காலத்தில் கிடைக்காத சரக்கா? இல்லவே இல்லை. 1955-இலேயே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் பத்து லட்சம் தாறுமாறு இலக்கங்களைப் புத்தகமாக அச்சடித்து விற்றது. கதையும் இல்லை, பாத்திரமும் இல்லை, ஆனாலும் வாங்க ஆளிருந்தது. 1957-இல் பிரிட்டன் தன் பரிசுப் பத்திரக் குலுக்கலுக்கு 'எர்னி' என்ற யந்திரத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. நியான் குழாய்களுக்குள் ஓடும் மின்னோட்டத்தின் இரைச்சலிலிருந்து எண்ணை எடுக்கும் யந்திரம். அதை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, இயற்கைக்கே மனப்பாடம் கிடையாது. சிபிஎஸ் பலகை வந்தது அதற்கும் 26 வருஷம் கழித்து.

எனக்குப் பிடித்த மாற்றுச் சரித்திரம் இன்னும் மலிவானது. ஐந்து பாதைகளை அப்படியே விட்டுவிடுங்கள். ஒன்பது வாமிகள் அதிகபட்சம் ஒன்பது கட்டங்களில்தான் இருக்க முடியும். எப்படி அடுக்கினாலும் மிச்சம் ஒன்பது கட்டங்களாவது பத்திரமானவை. ஆகவே பத்திரமான கட்டத்தை ஒழிக்க முடியாது. ஆனால் தினமும் காலையில் யாராவது ஒருவர் படங்களை இடம் மாற்றிச் செருகியிருந்தால்? நேற்று வரை பத்திரமாக இருந்த நான்கிலும் எட்டிலும் இன்று ஒவ்வொரு வாமி. அந்தக் கட்டங்களையே குறிவைக்கும் லார்சனுக்கு ஆபத்து இப்போது மூன்றில் ஒன்று. ஒன்றும் தெரியாமல் அமுக்குகிறவரைவிட இரண்டு மடங்கு. அப்படி 45 முறை தப்பிக்க எட்டுக் கோடியில் ஒரு வாய்ப்பு. அவருடைய அத்தனை மாத உழைப்பும் அவரையே திருப்பிக் கடித்திருக்கும். யந்திரத்தில் கை வைக்காமல், ஒரு சிப்பந்தியின் பத்து நிமிஷ வேலையில் முடிந்திருக்கும். நிஜ சரித்திரத்தில் சிபிஎஸ் செய்தது வேறு: பாதைகளை ஐந்திலிருந்து படிப்படியாக 32 ஆக்கியது.

இந்த மாதிரிக் கணக்குகளில் ஒரு பொறி இருக்கிறது. அதைக் காட்டியதும் ஒரு பகல் நேரப் போட்டிதான். 1963 டிசம்பர் 30 அன்று என்பிசியில் தொடங்கிய 'லெட்ஸ் மேக் எ டீல்' நிகழ்ச்சியை நடத்தியவர் மான்ட்டி ஹால். அவர் பெயரில் ஒரு புதிரை 1975-இல் ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் எழுதினார். மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைச் சொல்கிறீர்கள். எங்கே கார் என்று தெரிந்த நடத்துநர் மற்ற இரண்டில் ஆடு இருக்கும் ஒன்றைத் திறந்து காட்டி, 'மாற்றிக்கொள்கிறீர்களா?' என்கிறார். மாற்றினால் மூன்றில் இரண்டு பங்கு ஜெயிப்பீர்கள். 1990-இல் மெரிலின் வாஸ் சாவன்ட் தன் பத்திரிகைப் பகுதியில் இதை எழுதியதும் பத்தாயிரம் கடிதங்கள் வந்தன, பெரும்பாலும் திட்டி. ஏறக்குறைய ஆயிரம் பேர் டாக்டர் பட்டக்காரர்கள். மாபெரும் கணித மேதை பால் எர்டிஷே கம்ப்யூட்டரில் ஆடிக்காட்டிய பிறகுதான் இறங்கிவந்தார். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் புறாக்கள் பழகப் பழக மாற்றக் கற்றுக்கொண்டன. அவற்றுக்குப் பட்டம் இல்லாதது உதவியிருக்கும்.

இப்போது ஒரே ஒரு சங்கதியை மாற்றுங்கள். நடத்துநர் கால் இடறி மற்ற இரண்டில் ஒரு கதவின் மேல் விழுகிறார், கதவு திறக்கிறது, தற்செயலாக உள்ளே ஆடு. மேடையில் பார்ப்பவர் கண்ணுக்கு அதே காட்சி. ஆனால் விடை வேறு. 300 ஆட்டம் என்று வையுங்கள். 100 தடவை உங்கள் கதவிலேயே கார். மிச்சம் 200 தடவையில் பாதி, அவர் விழுந்த வேகத்தில் காரே வெளியே தெரிந்து ஆட்டம் ரத்து. ஆடு தெரிந்து தொடரும் 200 ஆட்டங்களில் மாற்றினால் 100, மாற்றாவிட்டால் 100. சரி பாதி. நீங்கள் காரைச் சரியாகச் சொல்லியிருந்தால் மட்டுமே மாற்றச் சொல்லும் குறும்புக்கார நடத்துநர் என்றால் மாற்றுகிறவருக்குப் பூஜ்யம். காட்சி ஒன்று, விடை மூன்று. 1991-இல் மான்ட்டி ஹாலே ஒரு பத்திரிகையாளரைத் தன் வீட்டில் உட்காரவைத்து இப்படித்தான் ஆட்டிவைத்தார்.

நடந்ததை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நடக்காமல் போனவை எவை, அவற்றை யார் எந்த விதிப்படி தடுத்தார் என்று தெரிந்தால்தான் எண் கிடைக்கும். கேம் ஷோ கணக்குக்கு மசிவதும் வாட்டர்லூ மசியாததும் இதனால்தான்.

கணக்குக்கு மசியாத 'மட்டும் இருந்தால்' ஒன்று லார்சன் கதைக்குள்ளேயே இருக்கிறது. பலகை கொட்டிக்கொண்டிருந்தபோது அதிகாரிகள் ஏன் ஆட்டத்தை நிறுத்தவில்லை? முப்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் நிறுத்தத் தேவையே இருந்திருக்காது, யார் ஜெயிக்கவேண்டும் என்று முன்னாலேயே பேசி முடித்திருப்பார்கள். 1956 டிசம்பர் 5 அன்று 'ட்வென்டி ஒன்' வினாடி வினாவில் ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர், ஆஸ்கர் வாங்கிய 'மார்ட்டி' படத்தின் பெயர் தெரியாததுபோல் நடித்துத் தோற்றார். அது அவருக்கு மிகப் பிடித்த படம். தோற்கச் சொன்னது தயாரிப்பாளர் தரப்பு. ஜெயித்த சார்லஸ் வான் டோரனுக்குக் கேள்வியும் பதிலும் முன்பே போயிருந்தன. 1959 நவம்பரில் அவர் நாடாளுமன்றக் குழு முன்னால் அத்தனையும் ஒப்புக்கொண்டார். 1960-இல் இப்படிப் போட்டியைத் திரிப்பதே குற்றம் என்று சட்டம் வந்தது. அன்றிலிருந்து போட்டி நடுவே கை வைப்பதென்றால் தொலைக்காட்சிக்காரர்களுக்கு உதறல்தான்.

சிபிஎஸ் வக்கீல்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். கவனமாக டி.வி. பார்க்கக் கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. பணத்தைக் கொடுத்தார்கள். பொய்ப் போட்டிகள் நடந்திராவிட்டால் நிஜப் போட்டியில் லார்சனுக்குப் பணம் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் பென்சிலால் காட்ட முடியாது. அதே ஊழலின் இன்னொரு வாரிசு 'ஜெப்பர்டி'. வினாடி வினாவை இனி யாரும் நம்பமாட்டார்கள் என்று விமானத்தில் புலம்பிய அதன் படைப்பாளர் மெர்வ் கிரிஃபினிடம், 'அப்படியானால் விடையை நாமே கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்டால்?' என்றார் மனைவி ஜூலன். 5,280 என்று சொல்லிவிட்டு, ஒரு மைலுக்கு எத்தனை அடி என்ற கேள்வியைக் கறக்க வேண்டும். 1964 மார்ச் 30 அன்று பகல் நேரத்தில் ஆரம்பித்தது, இன்னும் ஓடுகிறது.

கண்ணைப் பறிக்கிற ஒரு தேதிப் பொருத்தமும் உண்டு. டி.வி. நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்வது காப்புரிமைத் திருட்டா என்று சோனி நிறுவனத்தின்மேல் யுனிவர்சலும் டிஸ்னியும் போட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1984 ஜனவரி 17 அன்று. ஐந்துக்கு நான்கு என்று சோனி தப்பியது. நான்கே மாதத்தில் லார்சன் மேடை ஏறுகிறார். ஒரு நீதிபதி மாறியிருந்தால் லார்சன் இல்லை என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதினால் தப்பு. அவர் ஏற்கெனவே டேப் ஓட்டிப் பாதி மனப்பாடம் செய்துவிட்டார். எந்த நீதிமன்றமும் வீடு வீடாகப் போய் விசிஆரைப் பிடுங்கியிருக்காது. தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒன்று இன்னொன்றைப் பெற்றுவிடாது. மாற்றுச் சரித்திரக் கதைகளில் பாதி இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

சிபிஎஸ் அந்த ஆட்டத்தை ஜூன் மாதம் இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பிவிட்டு டேப்பைப் பூட்டி வைத்தது. 2003 வரை மறு ஒளிபரப்பே இல்லை.

லார்சன் அடுத்து ஒரு வானொலிப் போட்டியில் இறங்கினார். அறிவிக்கும் வரிசை எண்ணுள்ள ஒரு டாலர் நோட்டைக் கொண்டுவந்தால் 30,000 டாலர் பரிசு. வங்கியிலிருந்து பணத்தை ஒரு டாலர் நோட்டுகளாக மூட்டை மூட்டையாக எடுத்துவந்து இரவு பகலாகத் தேடினார். இதற்கும் பென்சில் போதும். நோட்டின் எண்ணில் எட்டு இலக்கம், முன்னும் பின்னும் எழுத்துகள். எழுத்துகளை மறந்துவிட்டு இலக்கத்தை மட்டும் பார்த்தாலே பத்துக் கோடி எண்கள். 50,000 நோட்டு கையில் இருந்தால், அறிவிக்கிற ஓர் எண் அகப்பட 2,000-இல் ஒரு வாய்ப்பு. எழுத்துகளையும் சேர்த்தால் இன்னும் மோசம். இங்கே கண்டுபிடிக்க ஐந்து பாதைகள் இல்லை, எட்டாம் கட்டமும் இல்லை. வானொலி அறிவிக்கும் எண் அந்த விஷயத்தில் எர்னியின் கட்சி. ஒரு விருந்துக்குப் போயிருந்த இரவில் வீட்டில் திருடர்கள் புகுந்து, மூட்டைகளில் ஏறக்குறைய 50,000 டாலரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.